எலுமிச்சைக்குச் சிரித்தவர்கள் டாங்கிக்குக் கைதட்டுகிறார்கள்

2019 அக்டோபர் 8, விஜயதசமி. பிரான்சில் மெரிஞாக் விமான ஆலையில் முதல் ரஃபேல் போர் விமானத்தைப் பெற்றுக்கொண்ட பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், அதன்மேல் ஓம் எழுதி, பூவும் தேங்காயும் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களையும் வைத்தார். நம் பக்கத்துப் பகுத்தறிவாளர்களுக்கு நல்ல தீனி. பல நாள் சிரித்தோம். எலுமிச்சை காப்பாற்றுமென்றால் இத்தனை கோடி கொடுத்து விமானம் எதற்கு, விமானமே காப்பாற்றுமென்றால் எலுமிச்சை எதற்கு என்று கேட்டோம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விமானம் யார்மேல் எதைப் போடப்போகிறது என்று எங்கள் கூட்டத்தில் ஒருவரும் கேட்டதாக நினைவில்லை.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஆயுத பூஜை எப்படியிருக்கும் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆட்டோ, லேத்து, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சாயங்காலமானால் நடுரோட்டில் பூசணிக்காய். உடைத்தவன் கண்ணேறு கழிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவான். பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவன் அதில் வழுக்கி விழுவான். தன் நன்மைக்குச் செய்த சடங்கின் செலவை முகம் தெரியாத ஒருவன் தலையில் கட்டுவது எனக்கு மூடநம்பிக்கையைவிடப் பெரிய குற்றமாகப் படுகிறது. இதைக் கண்டித்துத் துண்டறிக்கை போடும் தோழர்கள்கூட, ஜனவரி 26 அன்று டில்லி கர்தவ்ய பாதையில் டாங்கி உருண்டு வரும்போது தொலைக்காட்சி முன்னால் நெஞ்சு நிமிர்த்தி உட்காருகிறார்கள்.

காரணம் கேட்டால் சொஜிலா என்பார்கள். ஜீவனஹள்ளியிலிருந்து அல்சூர் ஏரி அதிக தூரமில்லை. அதன் கரையில்தான் மெட்ராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படையின் தலைமையகம். ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப்பெயர் ‘தம்பிகள்’. 1948இல் லடாக் போகும் வழியான சொஜிலா கணவாயை எதிரிப்படை பிடித்துக்கொண்டது. சுமார் 3,500 மீட்டர் உயரம். செப்டம்பரில் காலாட்படை மோதிப் பார்த்தது, முடியவில்லை. டாங்கியை மேலே ஏற்றுவோம் என்று தளபதி திம்மையா முடிவெடுத்தார். அடிவாரத்துப் பால்தலிலிருந்து கணவாய்க்கு இருந்ததோ கோவேறு கழுதை போகும் தடம். மேஜர் தங்கராஜு தலைமையில் தம்பிகள் அந்தத் தடத்தைப் பாறை வெடித்து அகலப்படுத்தினார்கள். ஸ்டூவர்ட் டாங்கிகளின் மேற்கூண்டைக் கழற்றி, தார்ப்பாய் போட்டு மூடி, யாருக்கும் தெரியாமல் காஷ்மீருக்குக் கொண்டுவந்தார்கள். நவம்பர் 1, பனி கொட்டிக்கொண்டிருந்தது. 7ஆவது குதிரைப்படையின் டாங்கிகள் மேலே ஏறின, பின்னாலேயே காலாட்படை போனது. டாங்கி வருமென்று கனவிலும் நினைக்காத எதிரி பதுங்குகுழிகளை விட்டு ஓடினான். நவம்பர் முடிவதற்குள் திராஸும் கார்கிலும் மீண்டன.

இதைத் தெய்வச் செயல் என்று சொல்கிறவனிடம் நான் கட்டாயம் சண்டை போடுவேன். அந்தக் கணவாயைத் திறந்தவை கடப்பாரையும் வெடிமருந்தும் வேலை தெரிந்த கைகளும். அன்று டாங்கி ஏறியிருக்காவிட்டால் லடாக்கின் லே நகரமும் போயிருக்கும். ஆகவே படையே கூடாது, ஆயுதமே கூடாது என்று நான் பஜனை பாடவில்லை. எந்த ஆயுதம் என்ன செய்கிறது என்பதைப் பார்க்காமலே கும்பிடக் கூடாது என்கிறேன். எலுமிச்சை வைத்துக் கும்பிட்டாலும் கைதட்டிக் கும்பிட்டாலும் கும்பிடு கும்பிடுதான்.

சொஜிலாவில் ஏறிய ஸ்டூவர்ட்டில் இருந்தது 37 மில்லிமீட்டர் பீரங்கி, சின்னது. அதே ஸ்டூவர்ட் உடம்பில் 75 மில்லிமீட்டர் ஹோவிட்சர் பீரங்கியைப் பொருத்தி அமெரிக்கா இன்னொரு வண்டியும் செய்தது. ஷெர்மன் டாங்கியில் 105 மில்லிமீட்டர் ஹோவிட்சரையே வைத்து 4,600க்கும் மேல் கட்டியது. டாங்கியை அடிக்கும் பீரங்கிக்கு நீண்ட குழாய் வேண்டும், குண்டு அசுர வேகத்தில் போய் இரும்பைத் துளைக்க வேண்டும். ஹோவிட்சருக்குக் குழாய் குட்டை, வேகம் குறைவு. அந்த 105 மில்லிமீட்டர் ஹோவிட்சர் வீசும் குண்டு ஏறக்குறைய 15 கிலோ. உள்ளே இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாக வெடிமருந்து, மிச்சமெல்லாம் பெரும்பாலும் எஃகு. வெடித்ததும் அந்த எஃகு துண்டு துண்டாகிப் பறக்கும். எதிரி டாங்கியோடு மல்லுக்கட்ட வந்த வண்டியல்ல இது. காலாட்படையை மறிக்கும் சுவரை, வீட்டை, குழியை, அதற்குள் இருக்கும் உடம்பைச் சிதைக்க வந்தது. உள்ளே இருப்பது சிப்பாயா, அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பவளா என்று அந்த எஃகுத் துண்டுக்குத் தெரியாது.

ஜெர்மானியர்கள் ஸ்டாலின்கிராடில் வீடு வீடாகச் சண்டை போட்டுக் களைத்த பிறகு, வீட்டையே இடிக்க 15 சென்டிமீட்டர் ஹோவிட்சர் வைத்த ‘பிரம்பேர்’ வண்டியைச் செய்தார்கள். 1944இல் வார்சா மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அது அந்த நகரத்துக்குள் போனது. அந்தப் படைவீரர்களின் இடுப்புவாரில் ‘கடவுள் நம்மோடு’ என்று பொறித்திருந்தது. வார்சாவின் நிலவறைகளிலும் பாதிரியார் இருந்தார், ஜெபம் நடந்தது. ஒரே கடவுள், ஒரே வேதம்! குண்டு மட்டும் ஒரு பக்கமாகவே போனது.

வார்சா வரைக்கும் போவானேன், இலங்கையின் முள்ளிவாய்க்கால் பக்கத்தில்தான் இருக்கிறது. 2009இல் வன்னியில் பதுங்குகுழிக்குள் கிடந்த நம் சனங்கள் கனரகப் பீரங்கியை எந்தப் பொறியியல் நூலையும் படிக்காமலே தெரிந்துகொண்டார்கள். பாதுகாப்பு வலயம் என்று இலங்கை அரசே அறிவித்த இடத்திலும் ஷெல் விழுந்தது, மருத்துவமனையிலும் விழுந்தது. நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை. விடுதலைப் புலிகள் மக்கள் நடுவிலிருந்தும் மக்களுக்கு அருகிலிருந்தும் பீரங்கி இயக்கியதையும் அதே அறிக்கை நம்பத்தகுந்த குற்றச்சாட்டாக எழுதியது. முதல் பகுதியை மட்டும் மேடையில் வாசித்துவிட்டு இறங்கும் தோழர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் ஒருவகைப் பூசாரிகளே.

இப்போது ஜீவனஹள்ளித் தமிழன் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். சொஜிலாவுக்குப் பாதை போட்டவன் தமிழன் என்றால் மார் தட்டுகிறோம், முள்ளிவாய்க்காலில் விழுந்தவன் தமிழன் என்றால் மாரில் அடித்துக்கொள்கிறோம். மலையுச்சியில் ஆயுதம் ஏந்தியவனோடு நடந்த சண்டையும், கடற்கரையில் குழந்தைகள் நெருக்கியடித்துக் கிடந்த கூடாரமும் ஒன்றல்ல, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது குண்டு விழும் இடமே தவிர, குண்டு போட்டவனின் சாதியோ மொழியோ கொடியோ அல்ல. அப்படியானால் நம் கொடி பறக்கும் டாங்கியிடமும், குண்டு யார்மேல் விழுகிறது என்ற அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். கேட்க வாய் வரவில்லையென்றால் நமக்கும் எலுமிச்சை வைத்தவருக்கும் வித்தியாசம் உடையில் மட்டுமே.

கேட்பதற்கு ஓர் இடமும் இருக்கிறது. 2022 நவம்பர் 18 அன்று டப்ளின் நகரில், மக்கள் வாழும் இடங்களில் வெடிகுண்டு ஆயுதங்களைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த ஒரு பிரகடனம் வந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. சட்டமாகக் கட்டுப்படுத்தாது, வெறும் வாக்குறுதிதான். ஹோவிட்சர் குண்டு ஊருக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே கணக்குப் பார்க்கவும், இறந்த பொதுமக்களின் எண்ணிக்கையை முடிந்தவரை பதிவு செய்து வெளியிடவும் அது கேட்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. வன்னிக்காகக் கண்ணீர் விட்ட தமிழர்களும், சொஜிலாவுக்காகப் பெருமைப்படும் தமிழர்களும் பெங்களூரின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் எழுதலாம்: ஏன் சேரவில்லை என்று அவையில் கேளுங்கள்.