உதவித்தொகை யாருக்கு உரியது?

அரசு வழங்கும் வேளாண் உதவி நிலத்திற்குரியதா, அந்நிலத்தில் உழைப்பவருக்குரியதா? அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில், பருத்தி விளையும் பாய்ன்செட் மாவட்டத்தில் இவ்வினா ஒரு காலத்தில் எழுந்தது.

பருத்தி விலை வீழ்ந்தமையால், 1933 ஆம் ஆண்டின் சட்டப்படி, வளர்ந்த பயிரை உழுதழித்தோர்க்கு அரசு பணம் அளித்தது. (விலையை உயர்த்தவே அவ்வாண்டில் ஏறத்தாழ 60 இலட்சம் பன்றிகளையும் கொன்றனர், எண்ணவும் நெஞ்சு நடுங்குகிறது.) பணம் நிலவுடைமையாளர் கைக்கே சென்றது. வாரக்குடிகளின் பங்கை அவர்களே பிரித்தளிக்க வேண்டும். பலர் பழங்கடனுக்கென்று அதனைப் பிடித்துக்கொண்டனர். பயிர்ப்பரப்பு குறைந்ததும் குடிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். குடிகளை நீக்கலாகாது என்று அடுத்து வந்த ஒப்பந்தம் கூறவில்லையா? கூறியது, 'இயன்ற வரையில்' என்னும் சொல்லோடு! அச்சொல்லுக்குள் எத்தனை குடும்பங்கள் மறைந்தனவோ!

உடைமையாளர் சட்டத்தை மீறவில்லையே என்பார் உளர். சட்டம் தடுக்காவிடினும் பிறர் பங்கைக் கொள்வது களவுதான். கள்ளாமையை அணுவிரதமாகக் கொண்ட நாம் வேறு பெயரிட இயலாது.

1934 இல் அம்மாவட்டத்து டைரான்சா என்னும் சிற்றூரில் வெள்ளையர் 11 பேரும் கறுப்பினத்தார் 7 பேரும் ஒன்றுகூடிக் குத்தகை உழவர் சங்கம் கண்டனர். மறு ஆண்டு, ஒப்பந்தத்திற்குக் குடிகளின் சார்பாகப் பொருள் கூறிய அரசு வழக்கறிஞர் சிலர் பதவி நீக்கப்பட்டனர்.