சாத்வீகத்தின் பலனுக்கு யார் பொறுப்பு?

பெத்லகேமை அடுத்த பெய்த் சாஹூர் என்னும் சிற்றூரின் கடைக்காரர்களும், மருந்து விற்போரும், ஆலிவ் மரத்தில் உருவங்கள் செதுக்கிப் பிழைப்போரும், தமக்கு யாதொரு பிரதிநிதித்துவமும் அளிக்காத இராணுவ ஆட்சிக்கு வரி செலுத்தத் தாம் கடமைப்பட்டவர்களல்லர் என்று 1988-இல் துணிந்தபோது, அவர்கள் கையில் எடுத்த ஒரே ஆயுதம் மறுப்புத்தான். மறு ஆண்டு செப்டம்பரில் இஸ்ரேலிய இராணுவம் ஊரை முற்றுகையிட்டு, தொலைபேசித் தொடர்பைத் துண்டித்து, ஏறக்குறைய ஆறு வாரம் வீடு வீடாகப் புகுந்து, பட்டறை இயந்திரங்களையும் குளிர்சாதனப் பெட்டிகளையும் நாற்காலி மேஜைகளையும் வரிப்பாக்கிக்கு ஈடாகப் பறிமுதல் செய்து கொண்டுபோயிற்று. இஸ்ரேலியக் கம்பெனிகளின் பாலை நம்பியிராமல் ஊராரே வாங்கி வளர்த்த 18 பசுக்கள்கூட அந்த இராணுவத்தின் கண்ணுக்குப் பாதுகாப்பைக் குலைக்கும் அபாயமாகத் தோன்றின. அவற்றை ஒளித்து வைத்து ஊர் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

ஊர் பணியவில்லை, ஆக்கிரமிப்பும் அகலவில்லை. பறித்த பொருள்களைத் திருப்பித் தரக் கோரிய தீர்மானம் 1989 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு வந்தபோது, 14 நாடுகள் ஆதரித்தும் அமெரிக்காவின் ஒற்றை எதிர்ப்பு வாக்கு அதை ரத்துச் செய்துவிட்டது. அகிம்சைப் போராட்ட முறையைப் பாலஸ்தீனரிடையே பரப்பி வந்த முபாரக் அவாத், அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதமே நாடு கடத்தப்பட்டிருந்தார்.

ஆகவே அகிம்சை அங்கே தோற்றது என்று சொல்லிவிடலாமா? பலனில் பற்று வையாமல் கருமத்தைச் செய் என்னும் உபதேசத்தில் ஊறியவர்கள், பலனைக் கொண்டு அறத்தை அளப்பதே பிழை என்பார்கள். அந்த உபதேசம் உயர்ந்தது, சந்தேகமில்லை. ஆனால் அது ஒருவன் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் விரதமேயன்றி, பிறன் வீட்டுப் பொருள் பறிபோகையில் அவனைப் பார்த்துச் சொல்லத்தக்க ஆறுதலன்று. காந்தியடிகள் 1938-இல் பாலஸ்தீன அராபியர் அகிம்சையைத் தேர்ந்திருக்கலாகாதா என்று ஏங்கினார் என்றால், அந்த வழியில் தம் உடலையே முதலில் வருத்திக்கொண்டவர் என்னும் பாத்தியதை அவருக்கு உண்டு. வருத்தம் ஏதும் ஏற்காத வல்லரசுகள் அதே வார்த்தையைச் சொல்லும்போது, அதனுடன் ஒரு கடனும் அவற்றின் தலையில் ஏறுகிறது. சாத்வீகம் சாட்சியை நம்பி நடப்பது. அடிபடுகிறவன் தன் பங்கைச் செலுத்திய பின் சாட்சி முகத்தைத் திருப்பிக்கொண்டால், தோற்றது யார் என்பதை நேர்மையுடன் கேட்க வேண்டும்.

இதனால் பிற்காலத்தில் இஸ்ரேலியப் பேருந்திலும் உணவு விடுதியிலும் அப்பாவி ஜனங்களைக் கொன்ற குண்டுகளுக்கு நியாயம் கிடைத்துவிடாது. ஒரு வழி அடைபட்டது என்பதற்காகக் குழந்தையைக் கொல்லும் வழி தர்மமாகிவிடுமென்றால், தர்மம் என்று ஒன்று இருப்பதாகவே பேச வேண்டியதில்லை. எனினும் கொன்றவனின் குற்றம் சற்றும் குறையாமலே, வழியை அடைத்தவனின் குற்றம் தனியே நிற்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றைக் கழிப்பதற்கு இது வியாபாரக் கணக்கன்று.

சாட்சி சிறிதளவேனும் அசைந்தபோது நேர்ந்ததற்கு மேற்குக் கரையின் பிலின் கிராமம் உதாரணம். இஸ்ரேல் எழுப்பிய தடுப்பு வேலி தம் வயல்களை அறுத்துச் சென்றதை எதிர்த்து 2005 முதல் வெள்ளிக்கிழமைதோறும் ஊரார் நடத்திய ஊர்வலத்தில் இஸ்ரேலியரும் அயல்நாட்டாரும் தோளோடு தோள் நின்று கண்ணீர்ப்புகையைச் சுவாசித்தார்கள். 2009-இல் ஊர்வலத்தில் நின்ற ஊர்க்காரர் ஒருவர் அந்தப் புகைக்குண்டு மார்பில் பாய்ந்து மாண்டார். தடுப்பின் பாதையை மாற்றுமாறு இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் 2007 செப்டம்பரில் தீர்ப்பளித்தது; ஆனால் ஊர் நிலத்தில் முன்பே எழும்பிவிட்ட குடியேற்றக் கட்டடங்களை அப்படியே இருக்க விட்டது. தீர்ப்பு நிறைவேற நான்காண்டு பிடித்தது. 2011-இல் வேலி பின்வாங்கியது, வயல்களில் ஒரு பகுதி திரும்பி வந்தது. குடியேற்றம் நின்ற இடத்திலேயே நின்றது, வெள்ளிக்கிழமை ஊர்வலமும் தொடர்ந்தது.