வைரவர் வாகனமும் வெளிவீதியில் நிற்கும் நாயும்

ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக எல்லா உயிர்களிலும் இறைவன் உறைகின்றான் என்பது நாம் சிறுவயது முதற் கேட்டுவரும் உண்மை. இவ்வுண்மை எமது வாழ்வில் எவ்வளவு தூரம் இறங்கியுள்ளது என்பதை அறியப் பெரிய சோதனை எதுவும் வேண்டியதில்லை. ஆலய வெளிவீதியில் நிற்கும் முன்பின் அறியாத நாயொன்றை நாம் எவ்வாறு எதிர்கொள்கின்றோம் என்று பார்த்தாற் போதும்.

வைரவப் பெருமான் நாயை வாகனமாகக் கொண்டவர். அவருக்கு வடைமாலை சாத்தி வணங்குகின்றோம். வணங்கிவிட்டு வெளியே வந்ததும் வாசலில் நிற்கும் நாய்க்குக் கல்லெடுக்கின்றோம். வேறு சிலர் அன்பு மிகுதியால் அறியாத நாயின் தலையைத் தடவப் போகின்றனர். முன்னையது வெறுப்பு, பின்னையது விருப்பு. ஆயினும் இரண்டிலும் ஒரே குறை உண்டு. அந்த உயிரின் மனநிலை யாது என்பதை இரு சாராரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மகாபாரதத்தின் இறுதியிலே பாண்டவர்களைப் பின்தொடர்ந்து ஒரு நாய் வருகின்றது. அது தருமர் வளர்த்த நாயன்று. தானாக வந்தது. தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்த பின்னரும் அது உடன் வந்தது. நாயை விட்டுவிட்டு வந்தால் விண்ணுலகம் புகலாம் என இந்திரன் கூறியபோது, நம்பி வந்த உயிரைக் கைவிடேன் என்று தருமர் மறுத்தார். தானாக வந்ததை வரவிட்டமையும், வந்ததைக் கைவிடாமையுமே அவர் காட்டிய அறம்.

இதனை நாளாந்த வாழ்விற் கைக்கொள்வது எவ்வாறு? அறியாத நாயைக் கண்டால் ஓடலாகாது. ஓடினால் அது துரத்தும். கண்ணுக்குக் கண் உற்று நோக்கலாகாது. அதனை அது சண்டைக்கு அழைப்பதாகவே கொள்ளும். சற்றுப் பக்கவாட்டாகத் திரும்பி, கைகளைத் தாழவிட்டு அமைதியாக நின்றால், பெரும்பாலும் அது மணந்து பார்த்துவிட்டுப் போய்விடும். உண்ணும்போதும், உறங்கும்போதும், குட்டிகளுடன் கிடக்கும்போதும் அதனை அணுகலாகாது. வளர்ப்பு நாயாயினும் உரியவரைக் கேட்ட பின்னரே தொடல் வேண்டும். இவற்றைப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்லிக் கொடுப்பது அவசியம்.

"கடிக்கின்ற நாய்க்கும் கருணையா? பிள்ளையின் உயிரல்லவா பெரிது?" எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் தப்புவது மிகமிக அரிது. ஆயினும் 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் மனிதருக்கு அளித்த தடுப்பு மருந்து, உரிய காலத்தில் ஏற்றினால் காக்கும் வழியைத் திறந்துவிட்டது. கடிபட்டால் காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு பூசிக் காலம் கடத்தலாகாது. பிள்ளையைக் காப்பதும் நாயைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. தடுப்பூசி ஏற்றப்பட்ட நாய் தன்னையும் காத்து ஊரையும் காக்கின்றது. கல்லெறி வாங்கிய நாயோ அடுத்து வருபவரைப் பகைவராகவே காண்கின்றது. அந்த அடுத்தவர் ஒரு பாலகனாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் கூறாது விடுதல் தகாது. பெட்டைக் குட்டிகளைச் சாக்கிற் கட்டி வந்து கோயில் வீதியில் விட்டுச் செல்லும் வழக்கம் உண்டு. கோயிலில் விட்டாற் பாவமில்லை, பிரசாதம் தின்று பிழைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். நாம் இன்று அஞ்சுகின்ற கட்டாக்காலி நாய்களுட் பல, இவ்வாறு ஒருவர் கைவிட்ட குட்டிகளே. வளர்ப்பவர் கருத்தடை செய்வித்து, ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றினால் இந்நிலை பெரிதும் குறையும். எமது பொறுப்பை இறைவன் வாசலில் இறக்கி வைப்பது வழிபாடாகாது.

ஆதலின் அறியாத உயிருக்கு நாம் செய்யும் முதல் மரியாதை, அதற்கு இடம்விட்டு நிற்றலேயாம். அஞ்சி அடியாமலும், அன்பெனச் சொல்லி அத்துமீறாமலும், ஏற்றதைக் கைவிடாமலும் வாழ எல்லாம் வல்ல எம்பெருமான் அருள்புரிவாராக.