தோரணத்தில் யார் பெயர்?

கேஎல் சென்ட்ரலிலிருந்து பொடிநடையாகப் போனாலே பிரிக்பீல்ட்ஸ் தோரண வாயில் வந்துவிடும். சாஞ்சி ஸ்தூபியின் வாயிலைப் பார்த்துச் செய்தது, இந்திய அரசின் அன்பளிப்பு. 2015 நவம்பர் 23 அன்று மோடியும் நஜிப்பும் திறந்துவைத்தார்கள். எனக்குப் பிடித்த இடம்தான். ஆனால் ஓர் ஊரில் சின்னம் வைக்கும்போது, அந்த ஊரை உழைத்து உருவாக்கியவர்களுக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா?

இந்த ஊரின் பெயரே ஒரு தொழிலின் பெயர். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டச் சொன்னார்கள். இங்கே சூளைகள் எரிந்தன. சூளை வைத்த யாப் ஆ லோயின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கல் அறுத்தவர்களின் பெயர் இல்லை. அப்புறம் ரயில்வே வந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் அதில் உழைத்தார்கள். 2001இல் திறந்த கேஎல் சென்ட்ரல் பழைய ரயில் யார்டின் மேல்தான் நிற்கிறது.

சாஞ்சியில் கதை வேறு. அங்கே தெற்கு வாயிலில், அந்தச் சிற்பத்தைச் செதுக்கியவர்கள் விதிஷா நகரத்துத் தந்த வேலைக்காரர்கள் என்று ஒரு கல்வெட்டே இருக்கிறது. ஸ்தூபியைச் சுற்றியுள்ள கற்களில் நூற்றுக்கணக்கான சாதாரண மனிதர்களின் பெயர்கள், பெண்களுடையதும் சேர்த்து. ஏறக்குறைய 2,000 வருடம் கழித்தும் படிக்கலாம்.

இதைச் சைட்டில் கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். "பேர் போட்டா வயிறு நெறையுமா தம்பி? சம்பளத்த நேரத்துக்குக் குடுத்தா போதும்"னார். நியாயம்தான். சம்பளம் தராமல் பெயர் மட்டும் பொறித்தால் அது ஏமாற்று வேலை. ஆனால் சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிடுமா?

குழாய் வேலையில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் உண்டு. அவர் போட்ட வெல்டிங் பக்கத்திலேயே அதை எழுதிவைப்போம். நாளைக்கு விரிசல் விட்டால் யார் செய்தது என்று தேட வேண்டுமே! ஆக, பழி சொல்ல வேண்டுமென்றால் நமக்கு ஆளைக் குறித்துவைக்கத் தெரியும். நன்றி சொல்லும்போதுதான் 'பெயர் தெரியாத உழைப்பாளிகள்' என்று மேடையில் உருகுவோம். அந்தப் பெயர்கள் தானாகத் தொலையவில்லை. எழுதத் தேவையில்லை என்று யாரோ நினைத்ததால் தொலைந்தன.

இன்று நம் சைட்களில் கம்பி கட்டுகிறவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். பேரேட்டைப் பிடித்திருக்கும் பக்கத்தில் இப்போது நம்மில் சிலரும் இருக்கிறோம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒருநாள் இதே கேள்வியோடு வருவார்கள். கல் அறுத்தவர்களின் பெயர்களை இனித் தேடி எடுப்பது கஷ்டம். இவர்களுடைய பெயர்கள் இன்னிக்கே வருகைப் பதிவேட்டில் இருக்கு. திறப்பு விழாக் கல்லில் அமைச்சர் பெயருக்குக் கீழே இடமும் இருக்கு.