கண்ணாடி யாரைப் பார்த்து முகம் திருப்பும்?

நவராத்திரித் தாம்பூலத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு சீப்பும் ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்துக் கொடுப்பீர்கள், இல்லையா? கண்ணாடி எதற்கு என்று என்றாவது யோசித்ததுண்டா?

நானும் யோசித்ததில்லை, ஆரம்பாக்கத்துக்குப் போய்வரும் வரை. பழவேற்காடு ஏரிப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் அது. மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். கணவரை இழந்தவர். ''ஆம்பளைங்க ஏரிக்குக் கெளம்புற நேரத்துல நான் வெளிய வரமாட்டேம்மா. என் மூஞ்சில முழிச்சா வலையில ஒண்ணும் விழாதும்பாங்க'' என்றார், ரொம்பச் சாதாரணமாக!

நம் பழைய நிகண்டு சொல்லும் எட்டு மங்கலப் பொருட்கள் இவை: கவரி, நிறைகுடம், கண்ணாடி, தோட்டி, முரசு, விளக்கு, கொடி, இணைக்கயல். ஆக, கண்ணாடியும் மங்கலம், ஜோடி மீனும் மங்கலம். அந்த மீனைத் தலையில் சுமந்து பிள்ளைகளை ஆளாக்கியவரின் முகம் மட்டும் ஆகாதா?

அந்தக் காலத்துக் கண்ணாடி, ரசம் பூசியதல்ல. திருப்பாவையின் 20-ம் பாசுரத்தில் நப்பின்னையிடம் கேட்கிறார்களே 'தட்டொளி', அது உலோகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கியது. கேரளத்தின் ஆறன்முளையில் இன்றும் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, நாள்கணக்கில் தேய்த்தெடுக்கிறார்கள். அங்கே அஷ்டமங்கலத் தட்டில் அதற்கு இடம் உண்டு. ஜப்பானிலும் வெண்கலக் கைக்கண்ணாடி, மணப்பெண்ணின் சீர்வரிசையில் இருந்தது. நீண்ட ஆயுளுக்காகக் கொக்கு, ஆமை, மூங்கில் என்று அதில் சின்னங்கள் வார்ப்பார்கள். ஆனால், அத்தனையும் பின்பக்கம்தான்! முன்பக்கத்தைச் சும்மா விட்டுவிடுவார்கள், எதிரில் வருகிற முகத்துக்காக.

'பெரியவர்கள் வகுத்த சாஸ்திரத்தை மீறலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். 1927-ல் ஸ்ரீநாராயண குரு, சேர்த்தலைக்கு அருகே களவங்கோடு கோயிலில் கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். அவரும் பெரியவர்தானே! அந்தச் சந்நிதியில் வந்து நிற்பவர் சுமங்கலியா, கைம்பெண்ணா என்று கண்ணாடி பிரித்தா பார்க்கும்?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் தாம்பூலம் கொடுத்தேன். சுண்டல் தாளித்து, கொலுப்படிக்குக் கோலம் போட்டு, எனக்குக் கூடமாட ஒத்தாசை செய்த அத்தைக்குத் தரவில்லை. தரக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அவரும் அந்த நேரத்தில் சமையலறையை விட்டு வரவில்லை.

இந்த வருஷத்துக்கு வாங்கிய கண்ணாடிகளில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். குங்குமத்தோடு சேர்த்துக் கொடுப்பதா, கண்ணாடியை மட்டும் கொடுப்பதா, தெரியவில்லை. அத்தை கை நீட்டி வாங்கிக்கொள்வாரா என்பதும்தான்.