ஆசைப்படாதது குற்றமா?

ஒருவர்மேல் நமக்கு ஆசை வரவில்லை என்றால் அது நம்முடைய தப்பா? ‘தம் லகா கே ஹைஷா’வைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. குண்டான பெண்ணை நாயகியாக்கிய துணிச்சல், தொண்ணூறுகளின் ஹரித்வார், கேசட் கடை, குமார் சானு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எல்லாம் சரிதான். சரத் கடாரியா இயக்கி 2015இல் வெளிவந்த இந்தப் படத்துக்கு, சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. எனக்கு அது பிடித்துப்போன காரணம் வேறு.

ரொமான்டிக் காமெடியில் ஆசை எப்படியும் வந்துவிடும். தடைதான் வெளியே நிற்கும்: அப்பா, சாதி, கிளம்பத் தயாராக ஒரு விமானம். இங்கே தடையே இல்லை. கல்யாணமே முடிந்துவிட்டது. ஆசைதான் இல்லை. பிரேம் பத்தாவது தேறாதவன், கேசட் கடையில் உட்கார்ந்திருப்பவன். சந்தியா படித்தவள், ஆசிரியை வேலைக்குப் போகக் கூடியவள். அவள் சம்பாத்தியம் குடும்பத்துக்கு ஆகும் என்ற கணக்கில் நடக்கிற கல்யாணத்தில் அவன் விருப்பத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

அதனால் அவனைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொள்ளணும். ஆசை யாரும் யாருக்கும் பட்ட கடன் இல்லை. கடமைக்குத் தொடுகிறவனைவிடத் தொடாதவன் நேர்மையானவன் என்றுகூடச் சொல்லலாம். ஆனா நண்பன் கல்யாணத்தில் குடித்துவிட்டு, இவளோடு படுப்பதே நரகம் என்கிற மாதிரி நண்பர்களிடம் சொல்கிறானே, அது? அவள் காதில் விழுகிறது. எல்லோர் முன்னாலும் அறைகிறாள். அவனும் திருப்பி அறைகிறான். அவள் வீட்டைவிட்டுப் போகிறாள். ஆசையின்மை அவனுக்கு நேர்ந்தது. இளக்காரம் அவன் செய்தது. இரண்டையும் படம் குழப்பிக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் காட்டுகிறது. அவன் சந்தியாவைப் பார்ப்பதே இல்லை. அவளோடு நிற்கும் தன்னை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதைத்தான் பார்க்கிறான். அவன் ‘ரசனை’யில் பாதி கடன் வாங்கியது.

ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளியிட்ட ‘தி சாவரின்டி ஆஃப் குட்’ நூலில் ஒரு மாமியார் வருகிறாள். (ஆக்ஸ்ஃபோர்டு தத்துவத்திலும் மாமியார் உண்டு.) மருமகள் நாசூக்கு தெரியாதவள், சிறுபிள்ளைத்தனமானவள் என்பது அவள் எண்ணம். வெளியே குறை சொல்ல முடியாதபடிதான் நடந்துகொள்கிறாள். பிறகு தன் பார்வையையே சந்தேகிக்கிறாள். பொறாமையாக்கூட இருக்கலாமே என்று மறுபடி பார்க்கிறாள். மெல்ல மெல்ல மருமகள் வேறாகத் தெரிகிறாள். மருமகள் துளியும் மாறவில்லை. வெளியே ஒன்றும் நடக்காவிட்டாலும் அந்த மாமியார் ஏதோ செய்திருக்கிறாள் என்கிறார் மர்டாக். எனக்கு இது பிரேமின் கதையாகவே படுகிறது. ஆசைப்படு என்று யாருக்கும் உத்தரவு போட முடியாது. திரும்பிப் பார் என்று சொல்லலாம்.

விவாகரத்து கேட்டு வருகிறவர்களிடம் நீதிபதி சொல்வது ஏறக்குறைய அதுதான்: ஆறு மாதம் சேர்ந்து வாழுங்கள். நிஜ சட்டத்தில் அப்படி இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் இருப்பது, பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஆறு மாதக் காத்திருப்பு மட்டும். அதையும் தேவைப்பட்டால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படத்தின் தீர்ப்பு கதைக்கான வசதி. அந்த அவகாசத்தில் நடப்பதுதான் விஷயம். ஒரே வீட்டில் இருவரும் மாறி மாறிப் பாட்டுப் போட்டு சண்டை போடுகிறார்கள். சண்டைதான். ஆனால் பதில் பாட்டுப் போட, மற்றவர் போட்டதைக் காதுகொடுத்துக் கேட்டாகணும்.

கடைசியில் மனைவியைச் சுமந்து ஓடும் போட்டி. “அவளை மூட்டையாத்தானே ஆக்குறாங்க?” என்று ஒரு தோழி கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தியா ஒரு கிலோகூடக் குறைவதில்லை, குறையச் சொல்லி படம் கேட்பதும் இல்லை. மாறவேண்டியவை அவனுடைய கால்களும் மூச்சும்தான்.

தோழியின் அடுத்த கேள்வி கஷ்டமானது. அவன் கண் திறக்கும்வரை அவள் ஏன் காத்திருக்கணும்? காத்திருக்கத் தேவையில்லை. அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிடுகிறது. அவள் கிளம்பிப் போயிருக்கலாம். அந்தப் படத்தையும் நான் பார்த்திருப்பேன். குமார் சானு கொஞ்சம் குறைவாக இருந்திருப்பார், அவ்வளவுதான்.