அறியாமல் செய்த கெடுதிக்குக் கணக்கு உண்டா?



வியாதிக்காரரைச் சந்திப்பது இரக்கத்தின் கிரியைகளில் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பில் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். இந்த ஒரு கிரியையில் நம் தொண்டூர், செஞ்சிப் பக்கத்து ஜனங்களைக் குறை கூற எவராலும் ஆகாது. ஊரில் ஒருவர் படுத்துவிட்டார், செஞ்சி அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், அல்லது முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ கொண்டு போயிருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும். ஞாயிறு பூசை முடிந்ததும் வேன் பேசிக்கொண்டு, ஆரஞ்சும் ரொட்டியும் ஹார்லிக்ஸ் புட்டியுமாகப் புறப்பட்டு விடுகிறோம். போகாதவர் மேல் மனஸ்தாபம் வருஷக்கணக்கில் நிற்கிறது.

நல்ல வழக்கந்தான். ஆனால் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். காய்ச்சலுக்கென்று சேர்த்த ஒருவருக்கு மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வயிற்றுப்போக்கு கண்டு, உள்ள நோயைவிட வந்த நோய் பெரிதாகி விடுவது உண்டு. "மருத்துவமனைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்போம். "கண்ணேறு" என்பாரும் நம்மில் உண்டு. சேர்த்து 48 மணி நேரத்துக்குப் பிறகு புதிதாகத் தோன்றும் தொற்றை, பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளேயே பிடித்துக்கொண்டது என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். அப்படியானால் யாரோ ஒருவர் அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும். அந்த ஒருவர் அவரை மிகவும் நேசித்தவராகவே இருக்கலாம். அப்போது அந்தக் கெடுதிக்குச் சர்வேசுரன் முன்னிலையில் யார் கணக்குக் கொடுப்பது?

முதலில் அது வரும் வழியைப் பார்ப்போம். நம் நாட்டு மருத்துவமனைகளில் நோயாளிக்கு வேண்டியதில் பாதியைச் செய்வது கூட இருக்கும் மகளோ மருமகளோதான். பெட்பானை எடுத்து வைப்பதும், அழுக்குத் துணியை மாற்றுவதும் அவள். ரசஞ்சாதம் பிசைந்து ஊட்டுவதும் அவள். பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு ஆள் இல்லையென்றால் அவளையும் பிடித்துத் தூக்கி விடுவாள். இத்தனைக்கும் கைகள் இரண்டே. குடல் நோய்க் கிருமிகள் காற்றில் பறந்து வந்துதான் பிடிக்க வேண்டும் என்பதில்லை. மலத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து கட்டில் கம்பி, டம்ளர், கதவுப்பிடி ஆகியவற்றுக்கும், அங்கிருந்து இன்னொருவர் வாய்க்குமாக அவை நடந்தே போகின்றன.

இவற்றுள் ஒன்றுக்கு 'டிஃபிசில்' என்று பெயர். இலத்தீனில் 'கடினமானது' என்று அர்த்தம். 1935-ல் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் அதைக் கண்டவர்கள், ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதற்குக் கடினமாயிருந்ததால் அப்படிப் பெயரிட்டார்கள். அதன் உண்மையான கடினம் எது என்பது 1978-ல்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆன்டிபயாடிக் மருந்துகள் கெட்ட கிருமிகளைக் கொல்லும்போது, குடலில் காவல் காக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்று விடுகின்றன. காவலற்ற வீட்டில் திருடன் புகுந்தாற்போல அப்போது இது பெருகுகிறது. உடம்புக்கு வெளியே வந்தாலோ விதைபோல ஓடு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். வார்டு வாசலில் தொங்கும் ஸ்பிரிட் கலந்த கைத்தைலம் பல கிருமிகளைக் கொல்லுமே தவிர, இந்த விதையை ஒன்றும் செய்யாது. சோப்பும் ஓடுகிற தண்ணீருமாகத் தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கி விழுங்கும் நம்மவர்கள் இதைச் சற்று யோசிக்கட்டும். மருத்துவரை "வீரியமான மருந்தாக எழுதுங்கள்" என்று நெருக்குகிறவர்களும் யோசிக்கட்டும்.

இனி மனச்சாட்சியின் விஷயத்துக்கு வருவோம். இதற்கு வியன்னா நகரத்துப் பிரசவ மருத்துவமனையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே இருந்தது குடல் நோயல்ல, பிரசவக் காய்ச்சல். ஆனால் அதைக் கொண்டுபோனதும் கைகளே. அங்கே இரண்டு பிரிவுகள். மருத்துவ மாணவர்கள் பார்த்த முதற்பிரிவில், மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாம் பிரிவைவிட மிக அதிகமாகத் தாய்மார்கள் செத்தார்கள். செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் காரணந்தேடி அலைந்தார். முதற்பிரிவில், சாகக் கிடப்பவளுக்குத் தேவநற்கருணை கொண்டுவரும் குருவானவர் மணியடித்துக்கொண்டு ஐந்து அறைகளைக் கடந்து போக வேண்டியிருந்தது. அந்த மணியோசை கேட்ட பயத்தினால்தான் மற்றப் பெண்களும் சாகிறார்களோ என்று அவர் சந்தேகித்தார். குருவானவரும் இசைந்து, மணியில்லாமல் சுற்று வழியே வந்தார். சாவு குறையவில்லை. (குருமார் மேல் விழுந்த பழி நீங்கியது என்று நாம் சந்தோஷப்படலாம்!)

1847-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், பிணப்பரிசோதனை செய்கையில் கத்தி பட்ட ஒரு பேராசிரியர், அந்தத் தாய்மார்களைப் போலவே காய்ச்சல் கண்டு இறந்தார். செம்மல்வைசுக்கு உண்மை விளங்கிற்று. பிணத்தை அறுத்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறார்கள். மே மாதத்தில் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவும்படி கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18-ஆக இருந்த சாவு, ஜூனில் சுமார் 2-ஆக இறங்கிற்று. தம்மாலேயே எத்தனை பேர் காலத்துக்கு முன் கல்லறைக்குப் போனார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்று பிற்பாடு, 1861-ல், அவர் தம் புத்தகத்தில் எழுதினார்.

அவர் பாவஞ்செய்தாரா? திருச்சபையின் சாஸ்திரிகள், அர்ச். தாமஸ் அக்வினாஸ் உட்பட, இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். அறியாமையில் இரண்டு வகை. எவ்வளவு முயன்றாலும் ஒருவனால் நீக்க முடியாதது ஒன்று. கொஞ்சம் கேட்டால், கவனித்தால் நீங்கி விடக்கூடியது மற்றொன்று. முந்தியதற்குக் குற்றமில்லை. பிந்தியதற்கு, எவ்வளவு எளிதாக நீக்கியிருக்கலாமோ அவ்வளவுக்குக் குற்றம் உண்டு. 1847-க்கு முன் அந்த மருத்துவர்கள் முந்திய வகையைச் சேர்ந்தவர்கள். கணக்கைக் கண்ணெதிரே வைத்த பிறகும், "கனவான்களின் கை அசுத்தமாயிருக்குமா?" என்ற வீம்பினால் கழுவ மறுத்தவர்களை அப்படிச் சொல்ல இயலாது. தெரிந்துகொண்டால் செய்ய வேண்டி வருமே என்று தெரிந்துகொள்ளாமலே இருப்பவனுடைய அறியாமை எல்லாவற்றிலும் மோசமானது. அது குற்றத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டுகிறது.

நம் பாட்டிமார் அறியாமல் செய்ததற்கு ஒரு கணக்கும் இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட கிருமி என்றால் என்னவென்று சொல்லும் இக்காலத்தில், "தெரியாமல் போயிற்று" என்ற வார்த்தை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எவ்வளவு தூரம் செல்லும்? ஐந்தாம் கற்பனை கத்தி எடுத்தவனை மாத்திரம் தடுக்கவில்லை. பிறர் உயிருக்குக் கேடு வரும் அசட்டையையும் தடுக்கிறது.

இங்கே ஒருவர் எழுந்து, "கை கழுவாமல் சாப்பிட்டதற்குப் பரிசேயர் குற்றஞ்சொன்னபோது நம் ஆண்டவர் அவர்களையல்லவா கண்டித்தார்?" என்று கேட்கலாம். மெய்தான். கையைக் கழுவினால் ஆத்துமம் சுத்தமாகும் என்று எண்ணி, பெற்றோரைப் பேணும் கடமையைத் தட்டிக் கழித்தவர்களை அவர் கண்டித்தார். நாம் பேசுவதோ அந்தப் பெற்றோரைப் பேணும் கடமையைப் பற்றியே. பிலாத்துவும் கை கழுவினான், தன் பொறுப்பைக் கைவிடுவதற்காக. நோயாளியின் மகள் கழுவுவது பொறுப்பை ஏற்பதற்காக.

வேறொருவர், "சர்வேசுரன் தீமையிலிருந்தும் நன்மை வருவிப்பாரே" என்பார். அதற்கும் சாட்சி உண்டு. 1985-86-ல் டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், பிறந்த குழந்தைகள் பலருக்கு ரோட்டா வைரஸ் என்ற குடல் கிருமி வார்டுக்குள்ளேயே தொற்றியிருந்தது. ஆச்சரியமாக, அவர்களுக்குப் பேதி காணவில்லை. பிற்பாடு அந்நோயின் கொடுமையிலிருந்தும் அவர்கள் காக்கப்பட்டார்கள். டாக்டர் எம். கே. பான் முதலானோர் அந்தக் கிருமியைக் கொண்டே ஒரு சொட்டு மருந்தை உண்டாக்க வழி செய்தார்கள். 2016 முதல் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்து, 6, 10, 14-ஆம் வாரங்களில் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் நமக்கு அருகிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளிடம் ஆராய்ந்தபோது, அதே இனத்து வேறொரு கிருமி தொற்றியவர்களில் வயிற்று நோய்க்குறிகள் காணப்பட்டன. வழி ஒன்றுதான், எந்தக் கிருமி வரும் என்று நமக்குச் சொல்லிவிட்டு அது வருவதில்லை. தீமையை நன்மையாக்குவது சர்வேசுரனுடைய வேலை. அந்த நம்பிக்கையில் தீமையைச் செய்து வைப்பது நம் வேலையாகாது.

நிற்க. பாரத்தையெல்லாம் ஏழைகள் தலையில் ஏற்றுவதும் நியாயமன்று. குழாயில் தண்ணீர் வராத வார்டில், நாற்பது பேருக்கு ஒரே கழிப்பறை இருக்கிற இடத்தில், "கை கழுவு" என்று சுவரில் எழுதி வைப்பது பரிகாசம். அங்கே முதற்கணக்கு நிர்வாகத்தாருடையது. குறைந்த கூலிக்கு அசுத்தத்தை அள்ளும் துப்புரவுப் பெண்களை அதட்டுகிறவர்கள், அந்தப் பெண்கள் நேராகக் கழுவாத தரையில்தான் தங்கள் தாயார் கால் வைக்க வேண்டும் என்பதை மறந்து விடுகிறார்கள். அவர்களை "அக்கா" என்று கூப்பிட்டால் ஒன்றும் குறைந்து விடாது.

எல்லாவற்றிலும் கஷ்டமானது இன்னொன்று. ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குக் கை கழுவாமல் நர்ஸ் வருகிறார், பார்க்கிறோம். சொல்லலாமா? டாக்டரிடம் சொல்வது மரியாதைக் குறைவு என்றும், கோபித்துக்கொண்டால் நம் ஆளைக் கவனிக்காமல் விடுவார்களோ என்றும் வாயை மூடிக்கொள்கிறோம். இந்தப் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும், தவறுகிற சகோதரனுக்குத் தனியே, அன்பாய் எடுத்துச் சொல்வதும் இரக்கத்தின் கிரியையே. "சிஸ்டர், அம்மாவுக்கு ரொம்ப முடியலை, கையைக் கழுவிட்டுப் பாத்தீங்கன்னா நல்லாருக்கும்" என்று தாழ்மையாய்ச் சொல்லக் கோபப்படுகிறவர்கள் குறைவு. நாம் முதலில் கழுவி விட்டு வந்து சொன்னால் இன்னும் குறைவு. நம்மிடம் யாராவது அப்படிச் சொன்னால் முகத்தைச் சுளிக்காமல் எழுந்து போகவும் வேண்டும்.

கூட இருக்கும் உறவினரின் கை எவ்வளவு நன்மை செய்யும் என்பதற்கும் நம் தேசத்திலேயே சாட்சி இருக்கிறது. 1971-ல் வங்காள எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, ஊசி வழியே ஏற்றும் திரவம் தீர்ந்து போயிற்று. டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே டம்ளரில் மொண்டு ஊட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கிற்று.

அர்ச். கமில்லுஸ், 1886-ல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பானவரால் வியாதிக்காரருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர். நோயாளியில் சேசுநாதர் சுவாமியையே கண்டு ஊழியஞ்செய்தார் என்று அவர் சரித்திரம் கூறுகிறது. பீடத்தில் அப்பத்தைத் தொடுகிற குருவானவரும் பூசையின் நடுவே விரல்களைக் கழுவிக் கொள்கிறார்.

ஆகவே அடுத்த ஞாயிறு வேன் புறப்படுமுன், பேதியோ வாந்தியோ உள்ளவர்கள் வீட்டிலேயே இருந்து ஒரு ஜெபமாலை சொல்லட்டும். கைக்குழந்தைகளை ஏற்ற வேண்டாம். போகிறவர்களும் இரண்டு பேராக உள்ளே சென்று, கட்டில்மேல் உட்காராமல் பேசி விட்டு வரட்டும். பெட்பானைத் தொட்ட பின்னும், ஊட்டுவதற்கு முன்னும், இரண்டு அருள்நிறை மந்திரம் நிதானமாய்ச் சொல்லும் நேரம் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்குத் துணியைக் குடிதண்ணீர்க் குழாயடியில் அலசக் கூடாது. ஆரஞ்சு ஆறு வாங்குகிறவர்கள் நான்கோடு நிறுத்தி, மீதிப் பணத்துக்கு இரண்டு சோப்புக்கட்டி வாங்கிக்கொள்ளலாம். ஒன்று நம் ஆளுக்கு, மற்றொன்று ஆள் இல்லாத பக்கத்துக் கட்டிலுக்கு.